டிசம்பரில் பிறந்த விங்கர்

கடலூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மஞ்சக்குப்பம் பக்கம் ஃபுட்பால் ஆடிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்ப்பேன்.

போன மாதம் ஒருவர் தன் மகனை அழைத்து வந்தார். வயது 13, விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடி ஆடுபவன். 14 வயதுக்கு உட்பட்டோர் செலக்‌ஷனில் கழித்துவிட்டார்களாம். "இவனுக்குத் திறமை பத்தல சார்" என்றார், பையனை வைத்துக்கொண்டே. பிறந்த தேதி கேட்டேன். டிசம்பர் 20.

வயதுப் பிரிவுக்குப் பெரும்பாலும் ஜனவரி 1தான் கணக்கு. அதே வருஷம் ஜனவரியில் பிறந்தவன் இவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். இந்தப் பருவத்தில் அது நாலு விரல் உயரம், தோளில் கூடுதல் பலம். கோச் கண்ணுக்கு அவன்தான் படுவான். அப்புறம் நல்ல பயிற்சியும் மேட்சும் அவனுக்கே போய், இரண்டு வருஷத்தில் நிஜமாகவே அவன் மேலாகிவிடுவான். ஐரோப்பிய ஜூனியர் அணிகளிலும் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம். ஸ்கூலில் சேர்ப்பதற்காக மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடும் நம் பழைய வழக்கம் எத்தனை பேரை எந்தப் பக்கம் தள்ளியதோ!

பையனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலி. வேகமாக வளரும் வயதில் வருவது. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்போம். வளர்த்தி நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆட்டத்தைக் குறைத்தால் போதும், நிறுத்த வேண்டாம்.

ஏசிஎல், அதாவது முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் தசைநார், கிழிந்தால் கதை வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். கிளப் வீரருக்குச் சம்பளமும் டாக்டரும் உண்டு. கைக்காசு போட்டு ஆபரேஷன் செய்த காலேஜ் பையன் ஐந்தாம் மாதமே இறங்குகிறான். மறுபடி கிழித்துக்கொண்டு வருகிறான்.

உச்சிக்குப் போனாலும் திறமைக்கு வெளியே இருக்கும் விஷயங்கள் விடுவதில்லை. நம் கடலூர் இந்துமதி கதிரேசன் ஆடிய இந்தியப் பெண்கள் அணி, 2022 ஆசியக் கோப்பையில் சொந்த மண்ணில் ஈரானுடன் டிரா செய்தது. அடுத்த மேட்சுக்குள் கொரோனா பரவி, குறைந்தது தேவையான 13 பேர் தேறவில்லை. அதோடு போட்டியை விட்டே வெளியே.

அப்பாவிடம் சொன்னேன்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரம் பாருங்கள், திடீரென ஏறினால் அந்த மாதங்களில் ஓட்டமும் குதிப்பும் குறையட்டும், அடுத்த வருஷமும் செலக்‌ஷனுக்கு அனுப்புங்கள். அவர் தலையாட்டினார், நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

"நாளைக்கு கிரவுண்டுக்குப் போலாமா சார்?" என்றான் பையன்.

"போ. பாஸிங் மட்டும்."