புல் ஓடுபாதையும் மெலிந்த காற்றும்

தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனிலிருந்து, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவுக்கு உறவினர் வீடு தேடிப் போகிறவர்கள் அங்கே பருப்பு வேகத் தாமதமாவதைக் கவனித்திருப்பார்கள். அடுப்பின் மேல் குற்றமில்லை. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமையலறையில் இதனால் கொஞ்சம் நேரம்தான் போகும். ஊருக்கு வெளியே ஒரு புல் ஓடுபாதையில் நான்கு பேரோடு புறப்படும் சிறு விமானத்துக்கோ இதே காற்று உலை வைத்துவிடும்.

கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 5,500 அடி உயரத்தில் 30 டிகிரி வெயில் அடித்தால் அது 0.95 கிலோவாக இறங்கிவிடுகிறது. அதாவது விமானம் 8,600 அடி மலையுச்சியில் நிற்பதற்குச் சமம். விமானிகள் இதை 'அடர்த்தி உயரம்' என்பார்கள். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் கால்பங்கு வலுவை இழக்கிறது. புரோபெல்லரும் இறக்கையும் தம் பங்குக்குத் தளர்கின்றன. கடலோர விமானிக்கு, புறப்படும்போது எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழை முழுவதும் உள்ளே தள்ளி வைப்பது கைப்பழக்கம். ஜோகன்னஸ்பர்க் அமைந்திருக்கும் மேட்டுச் சமவெளியான ஹைவெல்டில் அப்படியே விட்டால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் எஞ்சினைத் திணறடிக்கும். குமிழைச் சற்று வெளியே இழுத்தாலே சுழற்சி கூடும்.

ஆனால் பெரிய ஏமாற்று வேகத்தில்தான் இருக்கிறது. வேகமானி அளப்பது மோதும் காற்றின் அழுத்தத்தை; மெலிந்த காற்றில் அது குறைவு. முள் 55 நாட் (மணிக்கு 55 கடல்மைல்) காட்டும்போது, காற்று வீசாத நாளில், சக்கரங்கள் உண்மையில் 62 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புல் பறக்கிறது, வேலி நெருங்குகிறது. போதிய வேகம் வந்துவிட்டதென்று கை தானாகவே விமானத்தின் மூக்கைத் தூக்குகிறது. விமானமும் எழும்புகிறது! தரையை ஒட்டி, இறக்கையின் நீளத்துக்குள்ளான உயரத்தில், இழுவிசை குறையும். அந்தச் சலுகையில் கிடைத்த எழுச்சி அது. அதற்கு மேலே ஏற வலு இல்லை. எதிரே மரங்கள். மூக்கை இன்னும் தூக்கினால் இறக்கையின் மேல் காற்றோட்டம் பிரிந்து, விமானம் ஒரு பக்கமாகச் சரிகிறது. பார்த்தவர்கள் எஞ்சின் நின்றுவிட்டதென்பார்கள். பல நேரம் அது கடைசி நொடிவரை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஒரு கணக்கு. டர்பன் கடற்கரையில், 15 டிகிரியில், 50 அடி உயரம் தொட 500 மீட்டர் போதுமென்று வையுங்கள். ஆயிரம் அடிக்குப் பத்து சதவீதம், பத்து டிகிரி கூடுதல் வெப்பத்துக்குப் பத்து சதவீதம், காய்ந்த புல்லுக்கு இருபது சதவீதம் என்பது விமானிகளின் தோராய விதி. இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். அதே 5,500 அடி, 30 டிகிரிக்கு விடை ஏறத்தாழ 1,170 மீட்டர். புல் ஈரமானால் 1,270. ஹைவெல்டில் மழை பெய்வதே கோடையில்தான். வெப்பமும் ஈரப்புல்லும் ஒரே மாதங்களில் கைகோத்து வருகின்றன.

தப்ப ஒரு பழைய உபாயம் உண்டு. ஓடுபாதையின் பாதியில் ஓர் அடையாளம் வையுங்கள். அங்கே எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் எஞ்சினைக் குறைத்து நின்றுவிட வேண்டும். முடுக்கம் சீராக இருந்தால் பாதித் தூரத்தில் 71 சதவீத வேகம் வந்திருக்க வேண்டும் என்பதே இதன் கணிதம். ஈரப்புல்லில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால், மழைக்காலத்தில் அந்த அடையாளத்தைப் பாதித் தூரத்துக்கு முன்னாலேயே வைத்து, அதற்கேற்ற வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்வேன் நான்.