செல்லும் வாதம், செல்லாத வாதம்

ஐப்பசி அடைமழையில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை டீக்கடையில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "பாபநாசத்துல தொறந்துட்டான் அண்ணாச்சி. குறுக்குத்துறை கோயிலு முங்கிட்டுல்லா!" தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கும் கோயில் அது; மூழ்கினால், மேலே பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று கணக்கு. பக்கத்தில் டீ குடிப்பவர், "வேலிட் பாயிண்ட்" என்பார்.

அவர் சொல்லும் வேலிட்டுக்கு 'நியாயமான பேச்சு' என்று பொருள். பஸ் பாஸ் வேலிட் என்றால் தேதி முடியவில்லை என்று பொருள். தர்க்கவியலில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு. முன்னே சொன்னவை உண்மையாக இருந்து, முடிவு மட்டும் பொய்யாகிப்போக வழியே இல்லையென்றால்தான் வாதம் வேலிட். முன்னே சொன்னவை உண்மையா என்பது அங்கே தனிக் கேள்வி.

லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். நமக்கு 'செல்லும்' இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது: சொன்னதிலிருந்து முடிவுக்குப் பாதை செல்கிறதா என்பதுதானே கேள்வி.

எப்படிச் சோதிப்பது? திருநெல்வேலி மாவட்டத்து ஊர்களெல்லாம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அம்பாசமுத்திரம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆகவே அம்பாசமுத்திரம் திருநெல்வேலி மாவட்டத்து ஊர். மூன்றும் உண்மை, ஆனால் வாதம் செல்லாது. அம்பாசமுத்திரத்தை எடுத்துவிட்டு மதுரையைப் போட்டுப் பாருங்கள், குட்டு உடையும். பெயரை மாற்றினாலும் தாங்குகிற கட்டமைப்புதான் செல்லும். அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே பெயர்களுக்குப் பதில் எழுத்துகளைப் போட்டு வாதங்களை ஆராய்ந்தது இதற்காகத்தான்.

மறுபக்கமும் உண்டு. தாமிரபரணிக் கரை ஊர்களெல்லாம் கேரளத்தில் இருக்கின்றன, அம்பாசமுத்திரம் தாமிரபரணிக் கரை ஊர், ஆகவே அது கேரளத்தில் இருக்கிறது. முடிவு பொய். இருந்தும் வாதம் செல்லும்! கோளாறு முதல் வாக்கியத்தில்தான். வாதமும் சென்று, சொன்னவையும் உண்மையாக இருந்தால் அதை 'சவுண்ட்' என்பார்கள்.

சரி, டீக்கடைக்கு வருவோம். பாபநாசத்தில் நிறையத் திறந்தால் கோயில் மூழ்கும். கோயில் மூழ்கியிருக்கிறது. ஆகவே திறந்துவிட்டார்கள். இது செல்லாது. திருநெல்வேலிக்கு வரும் முன்பே மணிமுத்தாறும் கடனாநதியும் தாமிரபரணியில் சேர்ந்துவிடுகின்றன. வெள்ளம் அங்கிருந்தும் வந்திருக்கலாம். "கோயில் மூழ்கவில்லை, ஆகவே நிறையத் திறக்கவில்லை" என்றிருந்தால் செல்லும்.

'திறந்தால்' என்பதை 'திறந்தால் மட்டுமே' என்று மாற்றினாலும் அண்ணாச்சியிடம் சொன்ன வாதம் செல்லும். ஆனால் அந்த 'மட்டுமே' உண்மையா? அதற்குத் தர்க்கத்தில் பதில் கிடையாது. அன்றைக்கு மணிமுத்தாற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று விசாரிக்க வேண்டும்.