‘ஓம்’ என்றால் ஸ்ரீசக்கரம் வருமா?

மயிலாப்பூர் வாசகர் ஒருவர் வாட்ஸப் வீடியோ ஒன்றை அனுப்பி, “ஓம் என்றதும் தகட்டில் இருக்கும் மணல் ஸ்ரீசக்கரமாக மாறுகிறதே, நிஜமா சார்?” என்று கேட்டிருக்கிறார். மணல் நகர்வது நிஜம்தான். பார்க்கப் பார்க்க அலுக்காத சோதனை அது. சக்கரம்தான் இடிக்கிறது.

ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-லேயே இந்த உருவங்களைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். மணல் தூவிய தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுப்பார். தகடு அதிரும்போது சில கோடுகள் மட்டும் அசையாது. பிளஸ் டூவில் படித்த கணுக்கள்தான். துள்ளும் இடத்திலிருந்து எகிறும் மணல் அந்தக் கோடுகளில் போய் ஒதுங்கும். சுருதி ஏற ஏறக் கோலம் சிக்கலாகும்.

இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். என்னைக் கட்டிப்போட்டது அடுத்த விஷயம். மணலோடு மிக நைசான தூளையும் தூவிப் பாருங்கள். மணல் வழக்கம்போலக் கணுவுக்குப் போகும். தூளோ நேரெதிராக, அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்துக்குப் போய்க் குட்டிக் குவியலாகச் சேரும். சேர்ந்த பிறகும் சும்மா இருக்காது. உள்ளுக்குள் புரண்டுகொண்டே இருக்கும். காரணத்தை 1831-ல் பிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. தகடு துள்ளும்போது அதையொட்டிய காற்றும் மெல்ல ஓடுகிறது: கணுவிலிருந்து தகட்டோடு தவழ்ந்து, அதிர்வு உச்சத்தை அடைந்து, அங்கே மேலெழும்புகிறது. கனமான மணலை அந்தக் காற்றால் அசைக்க முடியாது. தூளை வாரிக்கொண்டு போய்விடும். சந்தேகம் தீர, காற்றை வெளியேற்றிவிட்டும் செய்து பார்த்தார் ஃபாரடே. தூளும் சமர்த்தாகக் கணுவுக்கே போனது!

இப்போது வாசகரின் கேள்வி. உருவத்தைத் தீர்மானிப்பவை தகட்டின் வடிவம், தடிமன், அது எதனால் ஆனது, அதைப் பிடித்திருக்கும் இடம், ஒலியின் அதிர்வெண். அவ்வளவுதான். தகட்டுக்கு மந்திரமும் தெரியாது, குத்துப்பாட்டும் தெரியாது. அதே சுருதியில் ‘ஓம்’ சொன்னாலும் சரி, சும்மா முனகினாலும் சரி, சதுரத் தகட்டில் ஒரு கோலம் வரும், வட்டத் தகட்டில் வேறொன்று.

பெருமைப்பட நமக்கு நிஜமான கதையே இருக்கிறது. நம்ம பிரசிடென்சி கல்லூரியில் படித்த சி.வி. ராமன் மிருதங்கத்தின் மேல் மணல் தூவி ஆராய்ந்தவர். சாதாரணத் தோல் வாத்தியத்தின் மேற்சுரங்கள், அதாவது தட்டும்போது அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த சுரங்கள், அதோடு ஒட்டாது. வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில், அப்பும் கறுப்புச் சோறு தோலின் எடையை மாற்றி, அவற்றை அடிப்படைச் சுரத்தின் ஏறக்குறைய முழுமடங்குகளாகக் கொண்டுவருகிறது. மிருதங்கம் சுருதி சேர்வது அதனால்தான். இதை எத்தனை பள்ளி ஆய்வகங்களில் செய்து காட்டுகிறார்கள்? ஸ்மார்ட் போர்டுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி போதும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கிண்ணத்தின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே ரவை தூவி, பக்கத்தில் ஸ்பீக்கரை வையுங்கள். போனில் ஒரே சுருதியில் ஒலி எழுப்பும் ஆப் ஒன்றைப் போட்டு, மெதுவாகச் சுருதியை ஏற்றுங்கள். ரவை சரியாக வந்தபின் ஒரு சிட்டிகை முகப்பவுடர். அதற்கு முன் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.