பெரிய காலிபரில் முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்: தோட்டாவிலிருந்து தொடங்குங்கள்

துப்பாக்கி சுடுதல் பயிற்றுநராகப் பணியாற்றும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. சிறிய காலிபர்களான .22 அல்லது .223 ரைஃபிளில் ஓரளவு கை பழகிய ஒருவர், அடுத்ததாகப் பெரிய காலிபரில் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (விசையை ஒருமுறை அழுத்த ஒரு தோட்டா வெடித்து, அடுத்தது தானே ஏறிக்கொள்ளும் வகை) வாங்க விரும்புகிறார். எந்த நிறுவனத்தின் எந்த மாடலை வாங்கலாம் என்று கேட்கிறார். நான் மாடலின் பெயரைச் சொல்வதில்லை. எந்தத் தோட்டாவை, எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு அடிக்கடி சுடப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை, ரைஃபிளை முதலில் வாங்கிவிட்டுத் தோட்டாவைப் பற்றிப் பிறகு யோசித்ததால் வந்தவையே. இது பணத்தோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல. சில வேளைகளில் காது, கண், கை ஆகியவற்றையும் பாதிக்கிற விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்டன் 1988-இலேயே .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறிய தோட்டா) அல்லாத செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைப் பொதுமக்களுக்குத் தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியா 1996-இலும், நியூசிலாந்து 2019-இலும் கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டு வந்தன. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்தாலும் கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் மேகசினின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியின்) கொள்ளளவையும் ரைஃபிளின் அமைப்பையும் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே நீங்கள் வாழும் இடத்தில் இதை வைத்திருக்க முடியுமா, முடியுமென்றால் எந்த வடிவில் என்பதைக் காவல்துறையிடமோ உரிமம் வழங்கும் அலுவலகத்திடமோ எழுத்துப்பூர்வமாக உறுதி செய்துகொண்ட பிறகே மேற்கொண்டு படியுங்கள். நண்பர் சொன்னார் என்பதோ கடைக்காரர் சொன்னார் என்பதோ நீதிமன்றத்தில் எடுபடாது.

பெரிய காலிபர் என்றால் என்ன என்பதில் பலருக்குத் தெளிவு இருப்பதில்லை. காலிபர் என்பது குண்டின் விட்டத்தை மட்டுமே குறிக்கிறது. தோட்டாவின் வலிமையை அது சொல்வதில்லை. .300 பிளாக்அவுட், .308 வின்செஸ்டர், .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 7.8 மி.மீ. விட்டமுள்ள ஒரே அளவுக் குண்டைத்தான் சுடுகின்றன. ஆனால் அவற்றின் பின்னால் இருக்கும் வெடிமருந்தின் அளவு ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகிறது. .22 லாங் ரைஃபிள் குண்டு ஏறத்தாழ 180 ஜூல் ஆற்றலோடு குழலை விட்டு வெளியேறுகிறது. .223-இல் அது 1,700 ஜூல் அளவுக்கும், .308-இல் 3,500 ஜூல் அளவுக்கும் உயர்கிறது. ஒரே எடையுள்ள ரைஃபிளில் சுட்டால், .308 தோளுக்குக் கொடுக்கும் உதை .223 கொடுப்பதைப் போல நான்கைந்து மடங்கு இருக்கும். ரைஃபிளின் உட்பாகங்கள் பின்னும் முன்னும் நகர்வதால் செமி ஆட்டோமேட்டிக்கில் அந்த உதை சற்று நீண்ட நேரத்துக்குப் பரவி மென்மையாகத் தோன்றுவது உண்மைதான். ஆனாலும் மொத்த உதை குறைந்துவிடுவதில்லை.

இந்த உதை செய்யும் கெடுதல் தோள் வலி அல்ல. அதை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே திமிறப் பழகிவிடுவதுதான் கெடுதல். பயிற்சியில் இதைக் காட்ட எளிய வழி ஒன்று இருக்கிறது. மேகசினில் உண்மையான தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாத போலித் தோட்டா ஒன்றை, சுடுபவருக்குத் தெரியாத இடத்தில் வைத்துக் கொடுப்போம். அது முறை வரும்போது ரைஃபிள் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். ஆனால் குழல்முனை மட்டும் வெடுக்கென்று கீழே இறங்கும், சுடுபவரின் கண்கள் இறுக மூடிக்கொள்ளும், ரைஃபிளைத் தாங்கும் தோள் முன்னே தள்ளும். அதுவரை குறி தவறியதற்குத் தொலைநோக்கியைக் குறை சொன்னவர் அந்த நொடியில் எதுவும் பேசமாட்டார். ஒருமுறை ஒட்டிக்கொண்ட இந்தப் பழக்கத்தை விடுவிக்கப் பல வாரங்கள் .22-இல் திரும்பவும் உழைக்க வேண்டியிருக்கும்.

எனவே கடையில் எடுத்துப் பார்க்கும்போது இலகுவாக இருக்கிறதே என்று மகிழாதீர்கள். இந்த வகை ரைஃபிள்கள் வெறுமையாகவே நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். தொலைநோக்கியும் நிறைந்த மேகசினும் சேர்ந்தால் ஐந்து கிலோவைத் தாண்டும். இருபது .308 தோட்டாக்களே அரைக் கிலோ எடை. மலையேறி வேட்டையாடப் போகிறவருக்கு இந்த எடை சுமைதான். மேசையிலோ தரையில் படுத்தோ சுடப் போகிறவருக்கு அதே எடை உதையை உறிஞ்சிக்கொள்ளும் துணை. முதல் ரைஃபிளைப் பொறுத்தவரை எடையின் பக்கமே நான் நிற்பேன். தோள்கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், பின்முனையில் நல்ல ரப்பர் பட்டையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குளிர்காலக் கனத்த உடையோடு சுடுபவருக்கு இது இன்னும் முக்கியம்.

தோட்டாவைப் பொறுத்தவரை, பெரும்பாலானோருக்கு .308 வின்செஸ்டரே சரியான தொடக்கம் என்பது என் கருத்து. 1952 முதல் புழக்கத்தில் இருப்பதால் பல எடைகளில், பல தரங்களில், பல நிறுவனங்களின் தோட்டாக்கள் கிடைக்கின்றன. குழலும் நீண்ட நாள் உழைக்கும். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் உதையில் மென்மையானது, காற்றிலும் குறைவாக விலகும். நீண்ட தூர இலக்கு சுடுதல்தான் நோக்கம் என்றால் அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதன் குழல் .308-ஐ விட விரைவில் தேயும். நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் மட்டுமே சுடப் போகிறவருக்கு 7.62×39 போதும், உதையும் குறைவு. மருந்து மிகுந்த மேக்னம் வகைகளை முதல் செமி ஆட்டோமேட்டிக்காக வாங்கவே வேண்டாம்.

.300 பிளாக்அவுட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. .223 ரைஃபிளின் போல்ட்டையும் (தோட்டா அறையைப் பின்னிருந்து மூடும் பாகம்) மேகசினையும் அப்படியே பயன்படுத்தலாம், குழலை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி. அதன் ஆபத்தும் அதுவே. .300 பிளாக்அவுட் தோட்டா தவறுதலாக .223 ரைஃபிளுக்குள் போனால், சில வகைக் குண்டுகளோடு அது தோட்டா அறைக்குள் முழுமையாக ஏறிவிடும். அப்போது விசையை அழுத்தினால் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. குழலுக்குள் நுழைய வழியின்றி அழுத்தம் பின்னால் திரும்புகிறது. ரைஃபிள் வெடித்துச் சிதறுகிறது. வீட்டில் இரண்டும் இருந்தால் மேகசின்களின் நிறத்தையே வேறுபடுத்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் சுடுதளத்துக்குக் கொண்டு வராதீர்கள். மேகசின் வெவ்வேறு அளவில் இருப்பதால் .308-க்கும் .223-க்கும் இடையே இந்தக் குழப்பம் நேராது; .308-ஐ நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

.308 வின்செஸ்டரும் 1954-இல் நேட்டோ ஏற்றுக்கொண்ட 7.62×51 தோட்டாவும் ஒன்றுதானா என்ற கேள்வி அடுத்து வரும். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இராணுவ ரைஃபிள்களின் தோட்டா அறை, சேறும் புழுதியும் படிந்தாலும் இயங்க வேண்டும் என்பதற்காகச் சற்று நீளமாகக் கடையப்படுகிறது; அதற்கு ஈடாக இராணுவத் தோட்டாவின் பித்தளை உறை தடிமனாக இருக்கும். நவீன .308 ரைஃபிளில் 7.62 நேட்டோ தோட்டாவைச் சுடப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். ஆனால் பழைய இராணுவ ரைஃபிளின் தளர்ந்த அறையில் மெல்லிய உறையுள்ள .308 தோட்டாவைச் சுட்டால், உறை நீண்டு அடிப்பகுதிக்கு மேலே விரிசல் விடக்கூடும். சுட்டு முடித்த உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு, துப்பாக்கிப் பழுது பார்க்கும் வல்லுநரிடம் அறையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குழலின் மேல் பொறித்திருப்பதும் தயாரிப்பாளரின் கையேடு சொல்வதும்தான் இறுதித் தீர்ப்பு.

இனி ரைஃபிளுக்கு வருவோம். ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950-களின் நடுவில் உருவாக்கிய ஏஆர்-10-இன் வழிவந்தவையே இன்று சந்தையில் அதிகம். .223-இல் சுடும் ஏஆர்-15 வகையில் இராணுவ அளவுகள் பொதுவாகிவிட்டதால் ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றொன்றில் பொருந்தும். பெரிய காலிபர் வகைக்கு அப்படி ஒரு பொது அளவு இல்லை. ஆர்மலைட் வழியும் டிபிஎம்எஸ் என்ற நிறுவனத்தின் வழியும் வெவ்வேறு. போல்ட், கைப்பிடி உறை, குழலை இறுக்கும் நட்டு என எதையும் பொருந்தும் என்று நம்பி வாங்கக்கூடாது. மேகசினும் அப்படியே. பல நிறுவனங்கள் தயாரிக்கும் எஸ்ஆர்-25 வகை மேகசினை ஏற்கும் ரைஃபிளாகப் பார்த்து வாங்குவது பின்னாளில் பெரிய நிம்மதி தரும். பாகங்களை வாங்கித் தாமே இணைக்கும் ஆசையை இரண்டாவது ரைஃபிளுக்கு ஒத்திவையுங்கள். தொழிற்சாலையில் முழுமையாக இணைத்துச் சோதித்து வந்ததே முதல் ரைஃபிளுக்கு ஏற்றது.

பழைய இராணுவ ரைஃபிள்களில் எம்14-இன் பொதுமக்கள் வடிவங்களும், எஃப்என் எஃப்ஏஎல்-உம், ஜி3 வகையும் நன்கு உழைப்பவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. எஃப்ஏஎல்-இல் ரைஃபிளை இயக்கும் வெடிவாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது; புதியவருக்கு அது வசதி. ஜி3 வகையின் தோட்டா அறையில் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் இருப்பதால் உறைகளில் கரிய கோடுகள் விழும், உறைகள் வெகுதூரம் வீசப்படும். உறையில் மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்த விரும்புபவருக்கு அது ஒத்துவராது. எம்1 கேரண்ட் வாங்குகிறவர்கள், இன்றைய கனமான .30-06 வேட்டைத் தோட்டாக்கள் அதன் இயக்கக் கம்பியை வளைத்துவிடக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

வாயு மிகுதியாகப் பாயும் ரைஃபிளையும் உறைகளே காட்டிக்கொடுக்கும். உறையின் விளிம்பு பிய்ந்தோ வளைந்தோ இருந்தால், உறைகள் பக்கவாட்டில் விழாமல் முன்னோக்கிப் பறந்தால், உதை தேவைக்கு மேல் கடுமையாக இருந்தால், வாயு அதிகம் என்று பொருள். வாயுவைச் சரிசெய்யும் திருகு உள்ள மாடலுக்குச் சற்று அதிகம் கொடுப்பது வீண் செலவு அல்ல.

சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவின் ப்ரைமரை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். ஏஆர் வகையில் ஊசிமுனை பட்டது போன்ற சிறு பள்ளம் ஒன்று இருக்கும். போல்ட் மூடும் வேகத்தில், சுத்தி அடிக்காமலேயே, உள்ளே தளர்வாக நிற்கும் அடிமுள் தன் உந்தத்தால் முன்னேறித் தட்டிய தடம் அது. வழக்கமாக இது தீங்கற்றது. ஆனால் ப்ரைமர் மென்மையாக இருந்தாலோ, அடிமுள் வழியில் அழுக்கு அடைத்திருந்தாலோ, போல்ட் மூடும்போதே தோட்டா வெடித்துவிடும். ஆகவே தோட்டாவைக் கையால் அறைக்குள் போட்டுப் போல்ட்டை விடாதீர்கள். எப்போதும் மேகசினிலிருந்தே ஏற்றுங்கள். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதையும் தவிருங்கள். ஏற்றும் ஒவ்வொரு முறையும் குழல்முனை பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும்.

காதைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க எனக்கு மனம் வராது. 140 டெசிபெல்லைத் தாண்டும் ஒரே ஒரு வெடிச்சத்தம் போதும், செவியின் உள்ளே இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் நிரந்தரமாக அழிவதற்கு; அவை மீண்டும் முளைப்பதில்லை. .308-இன் சத்தம் 160 டெசிபெல்லுக்கும் மேல். நுரைச் செருகியும் காதுமூடியும் இரண்டுமே வேண்டும். இரண்டின் காப்பு அளவும் அப்படியே கூடிவிடாது, ஒன்றைவிட ஐந்து டெசிபெல் அளவுக்கே கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும் அந்த ஐந்தும் தேவைப்படும். குழல்முனையில் பொருத்தும் மஸில் பிரேக் உதையைக் குறைப்பது உண்மை. அந்த வாயுவையும் சத்தத்தையும் அது பக்கத்தில் இருப்பவர் மேல் திருப்பிவிடுகிறது என்பதும் உண்மை. கூரையுள்ள சுடுதளத்தில் சுடுபவர்கள் அதைத் தவிர்த்து, சட்டம் அனுமதிக்கும் இடங்களில் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸரை நாடலாம். அப்போதும் காதுமூடியைக் கழற்றக்கூடாது. 16 அங்குலக் குழலை விட 18 அல்லது 20 அங்குலக் குழல் காதுக்கும் நல்லது, குண்டின் வேகத்துக்கும் நல்லது.

சுடும் இடமும் மாற வேண்டும். .308 குண்டு மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் போகக்கூடியது; .22-க்குப் போதுமான மண்மேடு இதற்குப் போதாது. எஃகு இலக்கு என்றால் அது ரைஃபிளுக்கென்றே செய்த கடினத் தகடாக இருக்க வேண்டும், குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எஃகு உள்ளீடு கொண்ட இராணுவ மிச்சத் தோட்டாக்களைப் பல சுடுதளங்கள் அனுமதிப்பதில்லை. வாங்கும் முன் ஒரு காந்தத்தைக் குண்டின் மேல் வைத்துப் பார்க்கும் வழக்கம் அதனால்தான் வந்தது.

ரைஃபிள் கைக்கு வந்ததும் மூன்று, நான்கு நிறுவனங்களின் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்குங்கள். எது தடங்கலின்றி இயங்கி நெருக்கமாகக் குறி சேர்க்கிறதோ அதையே பிறகு மொத்தமாக வாங்கலாம். முதல் நாள் சுடுதளத்தில் மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை வைத்துச் சுட்டு, போல்ட் பின்னால் நின்று பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இதைச் சில முறை செய்த பிறகு இரண்டு தோட்டாக்களை வையுங்கள். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒன்று மட்டுமே வெடிக்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து வெடித்துவிட்டால் அது பழுது. ரைஃபிளை வெறுமையாக்கி, பையில் வைத்து, நேராக வல்லுநரிடம் கொண்டு செல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து ஐந்தாகக் கூட்டலாம். விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா வந்தால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது முப்பது நொடிகள் காத்திருந்து, பிறகு வெளியேற்றுங்கள். சத்தம் வழக்கத்தை விட மெலிதாகக் கேட்டாலோ உதையே இல்லாமல் போனாலோ அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். ரைஃபிளை வெறுமையாக்கி, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று போல்ட்டின் பக்கமிருந்து கம்பி விட்டுப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடரலாம்.