பளபளப்பு இல்லை என்பது பழுதல்ல

"படம் மங்கிப் போச்சு, ஒரு கோட் வார்னிஷ் அடிச்சுக் கொடுங்க." ஓவியங்களைச் செப்பனிடும் வேலையில் நான் அதிகம் கேட்கும் வேண்டுகோள் இதுதான். நவீன எண்ணெய் ஓவியமாக இருந்தால், பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்வேன்.

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1907-08இல் ஜெர்மனியின் வார்னமுண்டே கடற்கரையில் வரைந்த 'குளிக்கும் ஆண்கள்' ஓவியத்தைப் பாருங்கள், ஹெல்சிங்கியின் அட்டெனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் அதிக உயரம், கடலிலிருந்து நம்மை நோக்கி நடந்து வரும் ஆண்கள், வெயிலில் சிவந்த உடம்பு, பின்னால் பட்டை பட்டையாக இழுத்த நீலமும் பச்சையும். அந்த வேகம் முழுக்கத் தூரிகைத் தடத்தில்தான் இருக்கிறது. அதே காலத்து ஜெர்மன் ஓவியர் கிர்ஷ்னரும் அவருடைய நண்பர்களும் எண்ணெய் வண்ணத்தில் பெட்ரோல் கலந்து, மினுமினுப்பே இல்லாமல் காயும்படி வேண்டுமென்றே வரைந்தார்கள். இப்படிப்பட்ட படத்தின் மேல் வார்னிஷ் அடித்தால் அது வண்ணத்துக்குள் ஊறிக் கறுக்கும், காலப்போக்கில் மஞ்சளாகி நீலத்தைப் பச்சையாகக் காட்டும், பிறகு அதை எடுக்கக் கரைப்பான் தொட்டால் சில சமயம் ஓவியமும் சேர்ந்தே வந்துவிடும்.

ஈரத்துணி அதைவிட மோசம். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாவதுபோல் உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது; தடித்துப் பூசிய இடத்தில் மேல்தோல் காய்ந்த பிறகும் உள்ளே பல ஆண்டுகள் மென்மையாகவே இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டு டியூப் வண்ணங்கள் சிலவற்றில் மெக்னீசியம் கார்பனேட் கலந்திருப்பார்கள். அது காற்றிலுள்ள சல்பர் டையாக்சைடோடு வினைபுரிந்து தண்ணீரில் கரையும் உப்பாக மாறிவிடும், அதனால் நன்றாகக் காய்ந்தது போல் தெரியும் படத்தில்கூட ஈரப் பஞ்சை ஒருமுறை உருட்டினாலே சிவப்போ மஞ்சளோ பஞ்சில் ஏறிவிடுகிறது.

துத்தநாக வெள்ளை இன்னொரு தொல்லை. உடம்பில் வெயில் படும் இடங்களுக்கு ஓவியர்கள் அதைத் தாராளமாகப் பூசியிருப்பார்கள், வயதாக ஆக அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஓரம் மேலெழும்பிய சில்லுகள் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? சில்லு எதுவும் எழும்பவில்லை என்றால் மட்டும், மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை மெல்லத் தட்டிவிடலாம். எழும்பியிருந்தால் அதையும் செய்யாதீர்கள், படத்தை முகம் மேலே இருக்கும்படி கிடத்தி, உதிர்ந்த துணுக்குகளை ஒரு சிறு டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டு, ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பசை மட்டும் போடவே போடாதீர்கள்.