உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக்

காலையில் மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பது என் வழக்கம். ராத்திரி பாதிப் பாத்திரம் இருந்த மாவு இப்போது விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கரண்டியை விட்டால் உள்ளே வலைவலையாகக் குமிழிகள், லேசான புளிப்பு வாசனை. ஈஸ்ட் போடவில்லை, சோடா உப்பும் போடவில்லை. அப்புறம் எது பொங்க வைத்தது?

கைராசி என்பார் அம்மா. கையில் இருக்கும் பாக்டீரியாக்களும் மாவில் சேரத்தான் செய்யும். ஆனால் கரண்டியால் கலக்கி வைத்தாலும் மாவு பொங்குகிறதே! வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் தானியத்தோடு, அதிலும் உளுந்தோடு வருகின்றன. அவற்றில் முக்கியமானது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் அதன் பங்கை விளக்கும் ஆய்வு 1965-இல் வெளியானது.

உளுந்து ஊறும்போதே இது பெருகத் தொடங்கிவிடும். மாவில் இருக்கும் கொஞ்சம் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். அந்த வாயுவை ஓடவிடாமல் பிடித்து வைப்பது உளுந்து. அரைக்கும்போது கையில் வழுக்குமே, அந்தப் பசையும் உளுந்தின் புரதமும் சேர்ந்து ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் மெல்லிய சுவர் கட்டுகின்றன. வெறும் அரிசி மாவும் புளிக்கும். ஆனால் இப்படி உப்பி நிற்காது.

புளிப்பு ஏற ஏற லியூகோநாஸ்டாக் தளர்ந்துவிடும். அமிலத்தை நன்றாகத் தாங்கும் வேறு லாக்டிக் பாக்டீரியாக்களின் கை ஓங்கும். முதல் நாள் மாவு இட்லிக்கு, மூன்றாம் நாள் மாவு ஊத்தப்பத்துக்கு என்று வீடுகளில் பிரித்து வைத்திருப்பதற்குப் பின்னால் இந்த ஆள்மாற்றம் இருக்கிறது. மார்கழிக் குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் அம்மா பாத்திரத்தைத் துண்டு சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்.

புளிப்பு ருசிக்கு மட்டும் அல்ல. வயிற்றைக் கெடுக்கும் பல கிருமிகளால் அந்த அமிலத்தில் பெருக முடியாது. தானியத்தில் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட்டும் குறைகிறது. ஆனால் இட்லியை 'புரோபயாடிக்' என்று பரப்புவது எனக்கு உடன்பாடில்லை. ஆவியில் வேகும்போது இந்த பாக்டீரியாக்கள் செத்துவிடும். அவை செய்துவைத்த வேலைதான் நம் தட்டுக்கு வருகிறது. உயிரோடு வேண்டுமென்றால் தயிர் இருக்கிறது, பழைய சோறு இருக்கிறது.

சரி, இதே பாக்டீரியாவுக்குச் சர்க்கரை நிறையக் கிடைத்தால்? கரும்பு ஆலையில் கேட்டால் தெரியும். வெட்டிய கரும்பைத் தாமதிக்காமல் அரவைக்கு அனுப்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெட்டுவாய் வழியாகப் புகுந்து, கரும்பின் சுக்ரோஸிலிருந்து குளுக்கோஸை எடுத்து நீளநீளச் சங்கிலியாகக் கோத்துவிடும். டெக்ஸ்ட்ரான் என்னும் அந்தப் பொருள் வழவழவென்று இருக்கும். சாறு கெட்டியாகி வடிகட்டச் சிரமப்படும், சர்க்கரையும் ஒழுங்காகப் படிகமாகாது.

ஆலைக்குத் தொல்லையான இந்த வழவழப்பை 1940-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் பியோர்ன் இங்கெல்மன், ஆந்தெர்ஸ் குரோன்வால் என்ற இருவர் மருந்தாக்கினார்கள். ரத்தம் நிறைய இழந்தவருக்கு வெறும் உப்புநீர் ஏற்றினால் அதில் பெரும்பகுதி சீக்கிரமே நாளங்களை விட்டுக் கசிந்துவிடும். டெக்ஸ்ட்ரான் மூலக்கூறுகளோ பெரியவை. எளிதில் வெளியே போகாமல் தண்ணீரையும் நாளத்துக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்கு நீளமான சங்கிலிகளை அமிலத்தால் நறுக்கி, தேவையான அளவுள்ளவற்றை மட்டும் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வாமையும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும் என்பதால் இந்தப் பயன்பாடு இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனாலும் டெக்ஸ்ட்ரான் மருந்துக்கடையை விட்டுப் போகவில்லை. ரத்தசோகைக்குப் போடும் இரும்புச்சத்து ஊசிகளில் ஒரு வகையில் இரும்பைச் சுமந்து செல்வது அதுதான். கண் உலர்ந்துபோகிறவர்களுக்குத் தரும் சில சொட்டு மருந்துகளிலும் உண்டு. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் லேபிளைப் பாருங்கள்: 'டெக்ஸ்ட்ரான் 70' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கலாம். மூலக்கூறு எடை சராசரியாக 70,000 என்பதைத்தான் அந்த 70 குறிக்கிறது.