டம்மியின் கணுக்காலும் டிரைவரின் கணுக்காலும்

மணிக்கு 64 கிலோமீட்டர் என்பது நெடுஞ்சாலையில் யாரும் வேகம் என்றே மதிக்காத வேகம். ஆனால் அந்த வேகத்தில் போய் மோதுவதும் 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது சுமார் ஐந்தாவது மாடியிலிருந்து, கீழே விழுவதும் ஒன்றுதான். கார்களை மோதவைத்துப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும், 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய அரசின் பாரத் என்கேப் திட்டம் தன் முன்மோதல் சோதனைக்கு எடுத்துக்கொண்டிருப்பது இந்த வேகத்தைத்தான். காரின் முகப்பு முழுவதும் தடுப்பில் படாது. டிரைவர் பக்கமாக 40 சதவீதம் மட்டும் படும். இருவழிச் சாலையில் முந்தும்போது எதிரே வரும் வண்டியோடு நேரும் மோதல் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 18 மீட்டர், போய்க்கொண்டிருக்கும் உடம்பு எப்படியும் நின்றாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. முன்பகுதி மடங்குவதும் பெல்ட் கொஞ்சம் இளகிக் கொடுப்பதும் சேர்ந்து ஒரு மீட்டர் கிடைத்தால், உடம்பு தாங்க வேண்டியது புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு. பெல்ட் போடாதவர், ஏற்கெனவே நின்றுவிட்ட காருக்குள் டேஷ்போர்டில் மோதி 5 சென்டிமீட்டரில் நின்றால் அது 300 மடங்கைத் தாண்டும். 'கார் அப்பளம்போல் நொறுங்கியது' என்று செய்திகளில் படிக்கிறோம். பானெட் நொறுங்கத்தான் வேண்டும், அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். 1959-இல் பேலா பாரெனி என்ற பொறியாளரின் யோசனைப்படி மெர்சிடஸ் கார் வந்த காலத்திலிருந்து இதுதான் வழி. ஆட்கள் உட்காரும் அறை மட்டும் நசுங்கக் கூடாது.

சோதனையில் மனிதனுக்குப் பதிலாக உள்ளே உட்காரும் பொம்மையான டம்மி சுமார் 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை கொண்ட ஆணின் உருவம். தலையில் எத்தனை ஜி (புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு) விசை, மார்பு எத்தனை மில்லிமீட்டர் உள்ளே அமுங்கியது, தொடை எலும்பில் எவ்வளவு அழுத்தம் என்று உணரிகள் பதிவு செய்யும். முகத்திலும் முழங்காலிலும் வண்ணம் பூசியிருப்பார்கள். எது எங்கே இடித்தது என்பதைக் கறை காட்டிவிடும். பிறகு உடம்பை நான்காகப் பிரிக்கிறார்கள்: தலையும் கழுத்தும், மார்பு, தொடையும் முழங்காலும், கீழ்க்காலும் பாதமும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், மொத்தம் 16. பக்கவாட்டு மோதலுக்கு இன்னொரு 16. பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 27-ம், குழந்தைப் பாதுகாப்பில் 49-க்கு 41-ம் எடுத்தால்தான் ஐந்து நட்சத்திரத்துக்குத் தகுதி.

நட்சத்திரத்தை மட்டும் பார்த்துக் கார் வாங்குவது போதாது என்பது என் கருத்து. 2014-இல் இதேபோல் கார்களைச் சோதிக்கும் பன்னாட்டு அமைப்பான குளோபல் என்கேப் சோதித்த ஃபோக்ஸ்வேகன் போலோவில், ஏர்பேக் இல்லாத வண்டிக்குப் பூஜ்யம் கிடைத்தது; இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நான்கு நட்சத்திரம். பெயர் ஒன்று, உடம்புக்கு நேர்வது வேறு. அதனால் சோதிக்கப்பட்ட வண்டியில் என்னென்ன இருந்தன, நாம் வாங்கும் வேரியன்டில் அவை இருக்கின்றனவா, ஆட்கள் உட்காரும் அறை நிலைகுலையாமல் இருந்ததா என்பதை அறிக்கையில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஏர்பேக் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அது விரிவது சேதத்தைப் பார்த்து அல்ல. வேகம் எவ்வளவு திடீரென்று குறைகிறது என்பதை உணரி அளந்து, சில பத்து மில்லிநொடிகளுக்குள் முடிவெடுக்கிறது. லாரியின் பின்பக்கத்துக்கு அடியில் கார் நுழைந்துவிட்டால், மேல்பகுதி சிதைந்திருந்தும் உணரிக்குப் போதிய அதிர்ச்சி எட்டாமல் போகலாம். 2017-இல் ஒரு ஹூண்டாய் க்ரெட்டா விபத்துக்குள்ளானபோது ஏர்பேக் விரியவில்லை, உரிமையாளருக்குக் காயம். ஏர்பேக் விரியும் அளவுக்கு மோதல் இல்லை என்ற வகையில் நிறுவனம் வாதாடியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் வைத்து மோதலைக் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, அவருக்கு வழங்கப்பட்ட இழப்பீட்டை உறுதி செய்தது. நுட்பம் நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, விளக்க வேண்டிய பொறுப்பும் அங்கேதான் இருக்க வேண்டும். நியாயமான தீர்ப்பு.

ஆனால் பெரும்பாலான வழக்குகள் கார் நிறுவனத்துக்கு எதிராகப் போவதில்லை. மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராக மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகின்றன. அங்கேயும் உடம்பை எண்ணாக மாற்றுகிறார்கள், கணக்குதான் வேறு. சோதனைக்கூடத்தில் கணுக்கால் எல்லோருக்கும் ஒன்று. தீர்ப்பாயத்தில் அது யாருடைய கணுக்கால் என்று கேட்பார்கள்.

35 வயது வேன் டிரைவர், மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தவர், சொந்தத் தொழில் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000. நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழில்காரர் என்பதால் வருங்கால வருமான வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. அந்த வயதுக்கு 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் (ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண்) 16, ஆக 53,76,000. கணுக்கால் சரியாக மடங்காது, ஊனம் 30 சதவீதம் என்று மருத்துவர் சான்று தருகிறார். அதை அப்படியே எடுத்தால் வருமான இழப்பு 16,12,800. ஆனால் கிளட்ச் மிதிக்க முடியாதவர் தன் தொழிலில் 60 சதவீதத்தை இழந்தார் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் 32,25,600. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் இதற்கு மேல் தனி.

உடலின் ஊனமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்பதை 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடலாம். அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் நீடிக்கலாம். இத்தனை இருந்தும், சான்றிதழில் வெறும் சதவீதம் மட்டும் இருப்பதால் காயம்பட்டவர் குறைவான தொகையோடு திரும்ப நேரிடலாம். எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் எல்லாவற்றோடும், 'இந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது, பாரம் ஏற்றி இறக்க முடியாது' என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தேவைப்பட்டால் அவரைச் சாட்சியாக அழைக்கவும் வக்கீலிடம் சொல்லுங்கள்.